கணினிக் கோப்புகளுக்கு நம்பகமான காப்புப் பிரதி எது?

கேள்வி (சத்துவாச்சாரி): மின்தடையில் கணினி சட்டென அணைந்ததில், அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகி, கோப்புகளை அரும்பாடுபட்டு மீட்டோம். ஏறத்தாழ 300 ஜிபி கோப்புகளைக் காக்க எளிய வழி கூறுங்கள்.

பதில் (காட்பாடி): ஐயா, 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, விண்டோஸில் கோப்புகளைத் தானாக நகலெடுக்கும் ஃபைல் ஹிஸ்டரி வசதியை இயக்குங்கள். நகலெடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் புகுந்தால் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும்.

பதில் (குடியாத்தம்): ஒரே டிஸ்க்கை நம்ப வேண்டாம். மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதே என் நடைமுறை. இரண்டாவது டிஸ்க், தேதி எழுதிய தாள் ஒட்டி, ராணிப்பேட்டை அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. கூகுளின் இலவச 15 ஜிபி இணையச் சேமிப்பிடம், ஜிமெயிலையும் சேர்த்தே என்றாலும், பத்திரங்களுக்குப் போதும். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமையே இரண்டு டிஸ்க்குகள் வாங்கிவிடுகிறேன்.