ஐடி வேலையில் எல்லா வகை ஆட்களும் ஏன் வேண்டும்? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி செல்வி:
என் பெரியம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர். இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, முனை மடக்கி, நூல் கட்டி, சின்ன வயதிலிருந்து அதே விரல்கள்தான். ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் இதே கூத்து. "இன்னாம்மா, நல்லா அழுத்தி வையி. போய் கை கழுவிட்டு வா. சரி, அந்தக் கைய வையி." வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முனக ஆரம்பித்துவிடுவார்கள். தான் ஏதோ தப்பு செய்த மாதிரி பெரியம்மா குறுகிப் போவார்.

நான் சென்னையில் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். எங்கள் குழுவுக்குத் தொழிற்சாலைகளுக்கான கைரேகை வருகைப்பதிவு ப்ராஜெக்ட் ஒன்று வந்தது. சோதனைக்கு எடுத்ததெல்லாம் எங்கள் மாடியில் உட்கார்ந்து கீபோர்டு தட்டுகிற விரல்கள். எல்லாம் பாஸ். பீடி சுற்றுகிறவர், தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் கை விடுகிறவர், சித்தாள், இவர்களை வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். யாருக்கும் அது தோன்றவே இல்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அந்த அறையில் அப்படிப்பட்ட கையைத் தினமும் பார்த்து வளர்ந்த ஆள் நான் மட்டும்தான், அவ்வளவுதான் விஷயம். அப்புறம் ராணிப்பேட்டைப் பக்கம் போய் ஆட்களை நிறுத்திப் பார்த்தால், மிஷின் பலரை உள்ளேயே விடவில்லை. ரேகை விழாவிட்டால் அட்டை காட்டலாம் என்று ஒரு வழி சேர்த்த பிறகுதான் வெளியிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது?

காட்பாடி ஜங்ஷன்:
விரலை விடுங்க, என் பெயரே மிஷினுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இனிஷியல் மட்டும்தான். ஃபாரமோ 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்கிறது. இனிஷியலைப் போட்டால் 'குறைந்தது 2 எழுத்து' என்று சிவப்பில் கத்துகிறது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். இப்போது ஆபீஸ் முழுக்க என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். வெளிநாட்டு மேனேஜர் பாராட்டுவதெல்லாம் ஆற்காட்டில் கழனியில் நிற்கிற மனிதருக்குப் போய்ச் சேருகிறது. ஃபாரம் செய்த குழுவில் ஒரே ஒரு தமிழ் ஆள் வாய் திறந்திருந்தால் போதும்.

பாலாற்று மணல்:
எல்லாம் சரி. ஆனால் கோட் எழுதத் திறமை போதாதா? ஆணா பெண்ணா, எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்து ஆள் எடுத்தால் தரம் என்ன ஆகும்? சும்மா கேட்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

தோட்டப்பாளையம் நர்ஸ்:
சண்டை இல்லை தம்பி. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டினோமே ஆக்ஸிமீட்டர், அதைச் செய்தவர்களுக்குத் திறமை இல்லையா? தோல் வழியாக வெளிச்சத்தைச் செலுத்தித்தான் அது கணக்குப் போடுகிறது. தோலின் நிறமி அந்தக் கணக்கில் குறுக்கிடும். 2020-இல் அமெரிக்க நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம். வார்டில் நான் எண்ணை மட்டும் நம்புவதில்லை, நோயாளி மூச்சு வாங்குகிற விதத்தையும் பார்ப்பேன்.

முகம் பார்க்கிற மென்பொருளும் இதே கதைதான். ஜாய் புவலம்வினி என்ற கறுப்பினப் பெண் அமெரிக்காவின் எம்ஐடியில் படிக்கும்போது, வெள்ளை முகமூடி போட்டால்தான் மென்பொருள் அவர் முகத்தைக் கண்டுகொண்டது. அவரும் டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளரும் 2018-இல், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. எல்லாம் பெரிய கம்பெனிகள் செய்தவை. பாதிக்கப்பட்டவரே அளந்து காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.

நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர் மேரி வர்கீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, இங்கே அந்தத் துறையையே வளர்த்தார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் வந்தது. வாசல் எவ்வளவு அகலம் வேண்டும் என்பது நாற்காலியில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி நடக்கிற நமக்குத் தெரியுமா?

ஆம்பூர் கீபோர்டு:
எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் 2006-இல் ஆரம்பித்தது, ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலைக்கு விற்ற மென்பொருள்கள் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. இது இலவசம்.

முதல் வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதின கதையைச் சொல்கிறேன். நுழைந்ததுமே படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டச் சொன்னது. ஹெச்ஆருக்கு ஃபோன் போட்டேன். "பக்கத்துல யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார். தங்கச்சியை உட்கார வைத்தேன். அறையில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று கேமரா எச்சரித்தது. அவளை அனுப்பிவிட்டுத் தொடர்ந்தால், 'நீங்கள் திரையைப் பார்க்கவில்லை' என்று டெஸ்டையே மூடிவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது என்று அந்த ஹெச்ஆருக்கு நான்தான் சொன்னேன்.

இப்போது பணம் அனுப்பும் செயலிகளைச் சோதிக்கிற வேலை. ஒன்றில் ரீடர் வெறும் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றே வாசித்தது. எது அனுப்பு, எது ரத்து? காசு விஷயம் இது. பட்டன்களுக்குப் பெயர் எழுதுவது டீ குடிக்கிற நேரத்து வேலை, ஆனால் பார்க்கிறவர் கண்ணில் அது படாது.

பாலாற்று மணல்:
கேமரா கதைக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை அண்ணா. பழைய சந்தேகம் முழுசாகப் போகவில்லை. ஆனால் டெஸ்டே இப்படி இருந்தால் அதில் பாஸ் ஆனவன்தான் திறமைசாலி என்று எப்படிச் சொல்வது? இப்போது இந்தச் சந்தேகமும் சேர்ந்துவிட்டது.

வாலாஜா அம்மா:
சுருக்கமாக என் பங்கு. 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேர் வேலை செய்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்று சட்டம். எங்கள் ஆபீசில் டேபிள் டென்னிஸ் மேஜை இருந்தது, காப்பகம் இல்லை. மார்ச் 8-க்கு ரோஜாப்பூ மட்டும் தவறாமல் வரும்.

சத்துவாச்சாரி செல்வி:
ஆம்பூர் அண்ணா, எங்கள் குழுவில் ஒரு செயலி தயாராகிறது. பார்த்துச் சொல்ல முடியுமா? ஓசி வேலை இல்லை, கூலி உண்டு.

ஆம்பூர் கீபோர்டு:
கூலி உண்டென்றால் சரிம்மா. ஆனால் வெளியிடுவதற்கு முந்தின நாள் ராத்திரி அனுப்பாதீங்க. டிசைன் போடும்போதே கூப்பிடுங்க.