டெர்பி அன்னிக்கு கனமழையாம், ஓபன் ஸ்டாண்டுல பார்த்தவங்க கொஞ்சம் உதவுங்க

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். இந்த சீசன்லயே நான் ரொம்ப எதிர்பார்த்த ஃபுட்பால் டெர்பி (ஒரே ஊர் இல்ல பக்கத்து ஊர் எதிரி டீமோட மேட்ச்) வர்ற சனிக்கிழமை, அன்னிக்குன்னு பார்த்து இடியோட கனமழைன்னு காட்டுது, எங்க டிக்கெட் வேற கூரையே இல்லாத ஸ்டாண்டுல. என்ன ஆனாலும் போறதுதான், எதிர் டீம் ஃபேன்ஸ் தொண்டை கிழிய கத்தும்போது நம்ம பக்கம் சீட் காலியா கிடந்தா மனசு தாங்காது.

மேட்ச் பாதியில நின்னா என்ன ஆகும்? நிறுத்தறதும் கைவிடறதும் ரெஃப்ரி முடிவு, கைவிட்டா போட்டி விதில வேற மாதிரி இல்லன்னா மறுபடி ஆடணும், அது வரைக்கும் தெரியும். 2000ல இத்தாலி லீக் கடைசி ரவுண்ட்ல, பெருஜியால யுவென்டஸ் டீமோட மேட்ச் மழைல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு, ரெஃப்ரி கொலினா கிரவுண்ட செக் பண்ணி திரும்ப ஆரம்பிச்சாரு, யுவென்டஸ் 1-0ன்னு தோத்து லீக் டைட்டில் லாட்சியோ டீமுக்குப் போச்சு. அப்படி ஆனா காத்திருக்கலாம், ஆனா வேற நாள் ஆடினா பழைய டிக்கெட் செல்லுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

குடை நிறைய ஸ்டேடியத்துல விட மாட்டாங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும், அதுவும் நியாயம்தான். ரெயின்கோட் மட்டும் போதுமா, ஷூ ஊறாம இருக்க என்ன பண்றீங்க? தண்ணி தேங்கினா பந்து உருளாம நின்னுடும், நாங்களோ தரையோட ஷார்ட் பாஸ் ஆடற டீம், அந்தக் கவலை வேற.

முக்கியமா, அப்பாவும் வர்றாரு, வயசானவர், குளிர் ஆகாது. அவருக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு யாராவது சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்.