கல் இச்சி போன்சாய்: தண்டின் நடுவில் வீக்கம், விண்பதியம் போடலாமா?

என்னிடம் உள்ள கல் இச்சி (ஆல், அரசு போன்ற அத்தி இன மரம்) போன்சாயின் வடிவத்தைத் திருத்தியமைக்க முயன்று, மேற்கொண்டு நகர முடியாமல் நிற்கிறேன். மண்ணிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில், தண்டின் ஒரே இடத்திலிருந்து நான்கு கிளைகள் புறப்பட்டதால் அவ்விடம் வீங்கி, அடித்தண்டைவிடப் பருத்துத் தெரிகிறது. மேலே போகப் போகத் தண்டு மெலிய வேண்டும் என்ற அடிப்படையே அங்கு கெட்டுவிடுகிறது.

மரம் 2019இல் ஒரு நாற்றங்காலில் வாங்கியது. இடம் கோயம்புத்தூர், மொட்டைமாடி, நல்ல காலை வெயில். உயரம் 45 செ.மீ. செங்கல் தூள், ஆற்றுமணல், மட்கிய தொழுவுரம் கலந்து ஆழமற்ற தொட்டியில் வைத்திருக்கிறேன். நோய் எதுவும் இல்லை, துளிர்ப்பிலும் குறையில்லை.

2023 கோடையில் நான்கில் இரண்டு கிளைகளைக் குழிவாக வெட்டி நீக்கி, பால் வடிவது நின்றபின் பசை பூசினேன். காயம் ஆறியது; ஆனால் ஆறிய தழும்பே மேலும் புடைத்துக்கொண்டது. மீதிக் கிளைகளை அலுமினியக் கம்பியால் தாழ்த்தியதில் முன்பக்கம் மட்டும் மறைகிறது, பக்கவாட்டில் பார்த்தால் அப்படியே தெரிகிறது. விழுதுகளை இறக்கி மறைக்கலாம் என்று ஸ்ட்ரா குழாயில் ஈரப்பாசி நிரப்பிக் கட்டியும் பார்த்தேன். இச்சிக்கு இயல்பான அழகு அதுதான் என்றாலும், இங்குள்ள வறண்ட காற்றில் அவை மண்ணைத் தொடுமுன்பே காய்ந்துவிட்டன. அடித்தண்டு பருப்பதற்காக வீக்கத்துக்குக் கீழே வெட்டாமல் ஓடவிட்ட ஒரு கிளை மட்டும் இப்போது சுண்டுவிரல் பருமனில், நிறைய இலைகளோடு இருக்கிறது.

வீக்கத்துக்குச் சற்றுக் கீழே பட்டையை வளையமாக உரித்து விண்பதியம் போட்டு (அதாவது அவ்விடத்தில் ஈரப்பாசி கட்டி, மரத்திலேயே வேர்விடச் செய்து), வேர்விட்டதும் மேற்பகுதியைத் தனி மரமாகப் பிரித்தால், எஞ்சும் அடித்தண்டு அந்த ஒரே கிளையைக் கொண்டு பிழைத்து, அதையே புதிய உச்சியாக ஏற்குமா?