ஆஸ்திரேலியா விண்ணப்பம்: ஜோகன்னஸ்பர்கில் நகல்களுக்கு யாரிடம் முத்திரை வாங்குவது?

கார்த்தி (ராண்ட்பர்க்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் ஈரோடு பக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியர், இங்கே சுரங்க இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் 7 வருடமாக வேலை பார்க்கிறேன். மனைவி நர்ஸ். கோயம்புத்தூரில் 6 வருடம் வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து பதிவு செய்து ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு ஸ்கில்டு மைக்ரேஷனில் போகலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். என் படிப்பை அங்கே இன்ஜினியர்களின் தகுதியை மதிப்பிடும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா பார்க்கும், அவளுக்கு ஆப்ராவில், அதாவது அங்கே மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் அமைப்பில், பதிவு வேண்டும்.

போன சனிக்கிழமை மொத்த ஃபைலையும் தூக்கிக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். 8 செமஸ்டர் மார்க்‌ஷீட், டிகிரி, பத்தாவது, பன்னிரண்டாவது, கல்யாணச் சான்றிதழ், அவளுடைய நர்சிங் சான்றிதழ்கள் என்று எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். ஒன்றரை மணி நேர வரிசை. அங்கே இருந்தவர் அசலை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை, கட்டை வாங்கி வரிசையாக முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். வேலை முடிந்ததே என்று சந்தோஷமாக வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் பக்கங்களில் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது, கீழே பெயர் இல்லை. சிலவற்றில் தேதி மை கலங்கிப் படிக்கவே முடியவில்லை. இதை அனுப்பினால் செல்லுமா?

ஒரு கன்சல்டன்ட் எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் கட்டாயம் என்கிறார், அதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறார். ஊரில் இருக்கும் நண்பனோ, காலேஜில் கெஜட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் வாங்கிய அட்டெஸ்டேஷனே போதும் என்கிறான். யாரை நம்புவது?

இன்னொன்றும் இருக்கிறது. டிகிரியில் என் பெயர் முன்னால் இனிஷியலோடு இருக்கிறது, பத்தாவது மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. மூன்றும் நான்தான் என்று எப்படிக் காட்டுவது? அப்புறம் டிகிரியை அப்பா ஆசையாக லேமினேட் செய்து வைத்துவிட்டார். அதைப் பிரிக்க வேண்டுமா?

டர்பன் ஆடிட்டர்

கார்த்தி, அந்தக் கட்டை அப்படியே ஓரமாக வையுங்கள், அனுப்ப வேண்டாம். நான் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். தென்னாப்பிரிக்காவில் அந்தத் தகுதியாலேயே கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சத்தியம் வாங்கவும் நகலைச் சான்றளிக்கவும் அதிகாரம் உள்ளவர், ஆகிவிடுகிறோம், வாரத்துக்குப் பத்துப் பேராவது நகலோடு என் அலுவலகத்துக்கு வருவார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று வெவ்வேறு வேலைகளை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சர்ட்டிஃபைட் காப்பி என்றால், அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, இது அசலின் உண்மை நகல் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போடுவது. அஃபிடவிட் என்பது நீங்கள் சொல்லும் ஒரு விஷயத்தைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது. அப்போஸ்டில் இந்த இரண்டிலும் சேராது. ஒரு நாட்டின் பொது ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் மெய்யானவை என்று அந்த நாட்டு அரசே இன்னொரு நாட்டுக்குச் சொல்வது அது. தென்னாப்பிரிக்க ஆவணங்களுக்கு அதைப் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறை செய்கிறது, கட்டணம் கிடையாது. உங்கள் தமிழ்நாட்டு டிகிரிக்கு அவர்கள் செய்ய மாட்டார்கள், அதை இந்திய வெளியுறவு அமைச்சகம்தான் செய்ய வேண்டும். ஆனால் உங்களுக்கு இந்த வேலையே வேண்டாம். ஆஸ்திரேலிய விசாவுக்கு அப்போஸ்டில் கேட்பதில்லை. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இங்கே சர்ட்டிஃபை செய்யும் அதிகாரம் 1963-ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருகிறது. போலீஸ், தபால் அலுவலகம், வங்கி மேனேஜர், வக்கீல், எங்களைப் போன்ற ஆடிட்டர்கள் என்று நிறைய பேருக்கு உண்டு. காவல் நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. முத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். கையெழுத்து, அதன் கீழே தெளிவான எழுத்தில் முழுப்பெயர், பதவி, அலுவலக முகவரி, தேதி. இதில் ஒன்று குறைந்தாலும் மரியாதையாகத் திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டில் அதைப் பார்ப்பவருக்கு அந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேறு வழி கிடையாது.

அசலைப் பார்க்காமல் முத்திரை குத்துவது தப்பு. என்னிடம் எத்தனையோ சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பி, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள் மாமா என்பார்கள். ஒரு தடவைகூடச் செய்ததில்லை. கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரியில் நான் பார்த்தேன் என்றுதானே எழுதுகிறேன்?

பச்சை மை அட்டெஸ்டேஷனை மறந்துவிடுங்கள். அது ஊரில் வேலைக்கு மனுப் போடும்போது சரி. இங்கே பல இடங்களில் மூன்று மாதத்துக்கு மேல் பழைய சர்ட்டிஃபைட் காப்பியையே வாங்க மாட்டார்கள்.

செந்தில் (செஞ்சூரியன்)

ஆடிட்டர் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு முத்திரை தேவையா என்று யார் சொன்னார்கள்? நானும் மெக்கானிக்கல்தான், போன வருடம் இதே இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா மதிப்பீட்டை முடித்தேன். அவர்கள் கேட்பது அசல் ஆவணத்தின் தெளிவான கலர் ஸ்கேன். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் நீல முத்திரை குத்தி, அதை மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினால் அது நகலின் நகல். நானும் முதலில் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கி இரண்டு நாள் லீவை வீணாக்கினேன், அப்புறம்தான் அவர்களுடைய கையேட்டை உட்கார்ந்து படித்தேன். தயவுசெய்து நீங்கள் முதலில் படியுங்கள்.

விசா விண்ணப்பத்துக்கும் அதேதான். இமி அக்கவுண்டில் (ஆஸ்திரேலிய விசாவுக்கான ஆன்லைன் கணக்கு) எல்லாமே கலர் ஸ்கேனாக ஏற்றினால் போதும், பல பக்கம் இருந்தால் ஒரே ஃபைலாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தில் கிரேடு விளக்கம் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், நான் விட்டுவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதாகிவிட்டது.

உங்கள் உழைப்பை சி.டி.ஆர். (இன்ஜினியராக உங்கள் திறமையைக் காட்டும் அறிக்கை) எழுதுவதிலும் வேலை அனுபவக் கடிதத்திலும் போடுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழுநேரமா, என்ன பொறுப்பு, கையெழுத்துப் போடுபவரின் பதவி, தொடர்பு எண் எல்லாம் வேண்டும். இங்கே எச்.ஆர். கொடுப்பது பெரும்பாலும் இரண்டு வரிக் கடிதம், அது போதாது. என் மேனேஜரிடம் நானே பொறுப்புகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன், அவர் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். இதற்கு மூன்று வாரம் ஆனது.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே செய்தால் நாட்டி (ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று விசாவுக்குக் கட்டாயமில்லை, ஆனால் மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் அவருக்கு இருக்கும் தகுதியும் அனுபவமும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

மேரி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

செந்தில் சொன்னது உங்களுக்குத்தான் கார்த்தி, உங்கள் மனைவிக்கு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு விதிகள், அதனால்தான் குழப்பம் வருகிறது. நானும் நர்ஸ். ஆப்ரா சர்ட்டிஃபைட் காப்பி கேட்கிறது, அதுவும் அவர்கள் சொல்லும் வாசகத்தில். அசலைப் பார்த்தேன், இது அதன் உண்மை நகல் என்ற வரி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் மாதிரி போட்டோ உள்ளதென்றால், படத்தில் இருப்பவர்தான் நேரில் வந்தவர் என்றும் எழுத வேண்டும். காவல் நிலைய ரப்பர் ஸ்டாம்பில் இந்த இரண்டாவது வரி இருக்காது! அதனால் அவர்களுடைய பக்கத்தில் இருக்கும் வழிகாட்டியைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே யார் யார் சர்ட்டிஃபை செய்யலாம் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது. நான் நோட்டரி பப்ளிக்கிடம் போனேன். காசு ஆனது, ஆனால் ஒரே தடவையில் முடிந்தது.

அதைவிட நேரம் பிடிப்பது நன்னடத்தைச் சான்றிதழ், குட் ஸ்டாண்டிங் என்பார்களே அது. தமிழ்நாட்டுச் செவிலியர் கவுன்சிலிலிருந்தும், இங்கே உள்ள நர்சிங் கவுன்சிலிலிருந்தும் நேராக ஆப்ராவுக்குப் போக வேண்டும், நம் கையால் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். சென்னையில் ஒரு ஆள் நேரில் போய்க் கேட்டால்தான் நகரும். என் தங்கை இரண்டு தடவை நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினாள். அந்த வேலையை நாளைக்கே தொடங்கச் சொல்லுங்கள், மற்றது பிறகு.

கோமதி (சாட்ஸ்வொர்த்)

பெயர் விஷயத்துக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது இரண்டு பக்கமும் இருந்தது. எனக்கு உங்களைப் போல இனிஷியல் பிரச்சினை. என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்தவர், கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். 1860-இல் முதல் கப்பல் வந்த நாளிலிருந்து நம் பெயர்களைக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதில்தான் கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலி மூட்லி ஆனது. அவருக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டு, மெட்ரிக் (பள்ளி இறுதி) சான்றிதழில் வேறு. சுருக்கப் பிறப்புச் சான்றிதழ்தான் கையில் இருந்தது, அதில் பெற்றோர் விவரம் முழுதாக இல்லை, உள்துறையில் முழுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருந்தோம்.

முத்திரை எத்தனை குத்தினாலும் பெயர் வித்தியாசம் சரியாகாது தம்பி. அது நகல் சரி என்று மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு வேண்டியது ஒரு அஃபிடவிட். அதில் மூன்று ஆவணங்களிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, புள்ளி மாறாமல் எழுதுங்கள். தமிழ் வழக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயராகப் போட்டிருக்கிறது, மூன்றும் ஒரே ஆள் என்று விளக்கமாக ஒரு பத்தி. வெள்ளைக்கார அதிகாரிக்கு இது தெரியாது, தெரியும் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். நான் அப்பாவின் பெயர் வரும் என் பிறப்புச் சான்றிதழையும் கூட இணைத்தேன். விசாப் படிவத்தில் வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கும் இடத்திலும் எல்லா வடிவத்தையும் போடுங்கள்.

முக்கியமாக, அஃபிடவிட்டில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் முன்னால்தான் போட வேண்டும்.

டர்பன் ஆடிட்டர்

கோமதியம்மா சொன்னது ரொம்பச் சரி. முறைப்படி செய்பவர் உங்களிடம் மூன்று கேள்வி கேட்பார்: இதில் எழுதியிருப்பது தெரிந்து புரிந்ததா, சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா, அந்தச் சத்தியம் உங்கள் மனசாட்சியைக் கட்டுப்படுத்தும் என்று நினைக்கிறீர்களா. கேட்காமலே கையெழுத்துப் போட்டால் வேறு ஆளிடம் போங்கள். சத்தியம் செய்ய விருப்பமில்லாதவர்கள் உறுதிமொழியாகவும் சொல்லலாம்.

கார்த்தி (ராண்ட்பர்க்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கன்சல்டன்டிடம் அப்போஸ்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவி இன்றைக்குக் காலையிலேயே சென்னையில் இருக்கும் அவள் அண்ணனிடம் செவிலியர் கவுன்சிலுக்குப் போகச் சொல்லிவிட்டாள். இன்னும் இரண்டே சந்தேகம். போலீஸ் கிளியரன்ஸை இப்போதே வாங்கி வைக்கலாமா? லேமினேட் டிகிரியை என்ன செய்வது?

செந்தில் (செஞ்சூரியன்)

இப்போது வேண்டாம். அந்தச் சான்றிதழை 12 மாதம்தான் ஏற்றுக்கொள்வார்கள். கடந்த 10 வருடத்தில் மொத்தமாக 12 மாதம் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும், அப்படியானால் உங்களுக்கு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். இங்கே காவல் நிலையத்தில் கைரேகை கொடுத்து, பிரிட்டோரியாவில் உள்ள குற்றப் பதிவு மையத்துக்கு விண்ணப்பம் போகும். இந்தியாவுக்கானதை ஜோகன்னஸ்பர்க் துணைத்தூதரகம் வழியாக. மதிப்பீட்டு முடிவு வந்தபின் தொடங்குங்கள்.

லேமினேஷனைத் தொடாதீர்கள். பிரிக்கப் போய் மையோடு உரிந்து வந்த டிகிரியை நான் பார்த்திருக்கிறேன். அப்போஸ்டில் வாங்குவதாக இருந்தால் அசலின் பின்னால் ஒட்ட வேண்டியிருக்கும், அப்போதுதான் பிரிக்கும் கவலை. உங்களுக்கு ஸ்கேன் மட்டும்தானே. போனில் படம் எடுத்தால் பளபளப்பு அடிக்கும், நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். படுக்கை ஸ்கேனரில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு 300 டி.பி.ஐ.-யில் கலராக எடுங்கள், பல்கலைக்கழக முத்திரையும் வரிசை எண்ணும் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஆபீசில் ஸ்கேனர் இல்லையென்றால் செஞ்சூரியன் பக்கம் வாருங்கள், என்னிடம் இருக்கிறது.