டிரைபாடை (கேமரா முக்காலி) விரித்தாலே செக்யூரிட்டி வந்துவிடுகிறார், என்ன செய்யலாம்?

தேக்கா_கேமரா:
சிங்கப்பூர் நகர மையத்தில் ஓர் அலுவலகக் கோபுரம், பேர் வேண்டாம். கீழே திறந்த முற்றம், எல்லாரும் அதன் வழியாகத்தான் எம்ஆர்டி ரயிலுக்குப் போகிறார்கள். வானம் நல்ல நீலத்துக்கு வந்த நேரத்தில் டிரைபாடை விரித்தேன், கால்களைப் பூட்டுவதற்குள் ஓர் அங்கிள் வந்து "நோ போட்டோ" என்கிறார். பக்கத்தில் நாலு பேர் கைப்பேசியில் அதே கண்ணாடிச் சுவரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்க, அவர் வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட, அதற்குள் வானம் கறுத்துவிட்டது. சட்டப்படி என்னைத் தடுக்க முடியுமா? படத்தை அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டுமா?

சட்டம்_பேசுபவன்:
பொது நடைபாதையில் நின்று கட்டடத்தை எடுக்கலாம், அது பதிப்புரிமை மீறலும் ஆகாது. முற்றம் தனியார் நிலம் என்றால், எத்தனை பேர் குறுக்கே நடந்தாலும், "இங்கே டிரைபாட் கூடாது, வெளியே போங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, நகர்ந்துவிடுங்கள். அழிக்கச் சொல்வது வேறு விஷயம். சாதாரணக் கட்டடக் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது, கேமராவைப் பிடுங்க முடியாது. ஆனால் வேலியில் நான்கு மொழியிலும் பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை மாட்டியிருந்தால் அங்கே 2017ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும், படம் எடுப்பதே வில்லங்கம். அங்கே போய் சட்டம் பேசாதீர்கள்.

இரவு_ஷிப்ட்:
நான் அந்தப் பக்கத்து ஆள், ரொம்ப வருஷமாகக் காவல் வேலை. தம்பி, கைப்பேசிக்காரரை விட்டுவிட்டு உங்களை மட்டும் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. டிரைபாட் நின்றால் மேலே சிசிடிவி பார்க்கிறவர் உடனே கேட்பார், நிர்வாகத்துக்கு அது விளம்பரப் படப்பிடிப்பு, யாராவது கால் தடுக்கி விழுந்தால் அறிக்கை எழுதுவது நாங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். பல இடங்களில் 12 மணி நேர ஷிப்ட், ஏழுக்கு ஏழு இல்லாவிட்டால் எட்டுக்கு எட்டு, ஆக நீங்கள் காத்திருக்கிற அந்த நீல வானம் ஆள் மாறுகிற நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. வீட்டுக்குக் கிளம்புகிறவர் கடைசி நேரத்தில் தலைவலி வேண்டாம் என்று பார்ப்பார், புதிதாக வருகிறவருக்கு நீங்கள் ஆறரைக்கு வாங்கிய வாய்மொழி அனுமதி தெரியவே தெரியாது. முந்தின நாளே நிர்வாக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள், எந்த இடம், எவ்வளவு நேரம், வியாபாரத்துக்கு இல்லை என்பது போதும். அவர்கள் பதிலைக் காட்டினால் எங்களுக்கும் பதிவேட்டில் எழுத ஒன்று இருக்கும். அப்புறம், தமிழில் "சாப்பிட்டாச்சா அங்கிள்" என்றால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், என் கூட இருப்பவர்களில் பாதிப்பேர் மலாய்க்காரர்கள்.

பீச்ரோடு_ராத்திரி:
எதற்கு முற்றத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள்? கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் வடிவமைத்த, பீச் ரோட்டில் இருக்கும் கேட்வே இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள், 1990இல் கட்டியது, சில கோணங்களில் தடிமனே இல்லாமல் அட்டையை நட்டுவைத்த மாதிரி தெரியும். அந்தக் கோணத்துக்குச் சாலையோரம்தான் வசதி, யாரும் கேட்க மாட்டார்கள். வார நாளில் போங்கள், சனிக்கிழமை பாதி மாடிகள் இருட்டாகக் கிடக்கும். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் மறைந்த பிறகு இருபது நிமிஷம் கிடைத்தால் பெரிது. மறைவதும் நவம்பரில் ஏழுக்கு முன்னால், பிப்ரவரியில் ஏழு இருபதை ஒட்டி, அதனால் முதலில் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஆரம்பத்தில் ஒரு விநாடி, முடிவில் பத்துப் பதினைந்து விநாடி வரை போகும். டிரைபாட் விடமாட்டார்கள் என்றால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து நாலைந்து எடுங்கள், ஒன்றாவது கூர்மையாக வரும். இன்டர்லேஸ், ரிஃப்ளெக்ஷன்ஸ் மாதிரி குடியிருப்புகளுக்குள் மட்டும் நுழைய முயலாதீர்கள். அது ஆட்கள் வாழ்கிற இடம், காவலர் தடுப்பதுதான் நியாயம்.

தேக்கா_கேமரா:
மின்னஞ்சல் போட்டாச்சு. அனுமதி வந்தாலும் அன்றைக்கு முதலில் யாரிடம் காட்டுவது, பகல் ஆளிடமா, இரவு ஆளிடமா?

இரவு_ஷிப்ட்:
ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறுகிறது என்று முன்மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு என்றால் பகல் ஆள் போதும். ஏழு என்றால் கொஞ்சம் முன்னாலேயே போய் நில்லுங்கள், சாவி கைமாறும்போது ரெண்டு பேருமே அங்கே இருப்பார்கள்.