இத்தாலிய அகாதமிகளின் சாக் உருவங்கள்: உயிருள்ள உடம்பா, பிளாஸ்டர் சிலையா?

கரித்துண்டு: 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய அகாதமிகளில், அதாவது ஓவியப் பள்ளிகளில், மாடலைப் பார்த்துச் சாக்கில் வரைந்த நிர்வாண உருவங்களுக்கு இங்கே ஏகப்பட்ட ஆகா ஓகோ. எனக்கு அவை சிலைகளாகத்தான் தெரிகின்றன. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும், அப்புறம் பழைய சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள், அதெல்லாம் தேறினால்தான் மாடல் முன்னால் உட்கார விடுவார்கள். அதற்குள் கண் பழகிப்போய், எதிரே நிற்பவனின் தொப்பையைக்கூட கிரேக்க வீரன் வயிறாக மாற்றிவிடும். ரோமில் ஓவியர் காமுச்சீனி வரைந்த ஆட்களில் ஒருத்தனுக்காவது கால் வலிக்கிறதா?

செங்காவி: காமுச்சீனி ஒருவரை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். தாளைக் கிட்டத்தில் பாருங்கள். பல தாள்கள் வெள்ளையே இல்லை, சாம்பல், பழுப்பு, நீலம் என்று இருக்கும். நடுத்தர நிழலைத் தாளே கொடுத்துவிடும். கறுப்புச் சாக் இருட்டுக்கு, வெள்ளை தோள்முனையிலும் முழங்காலிலும் ஒளி பட்ட இடத்துக்கு மட்டும். கறுப்பும் வெள்ளையும் கலந்துவிட்டால் அந்த இடம் சாம்பல் பூத்துப்போய்த் தோல் செத்துவிடும். பிளாஸ்டர் முழுக்க ஒரே வெள்ளை. வெயிலில் கறுத்த கழுத்தையும் வெளுத்த மார்பையும் ஆளைப் பார்த்துத்தானே கற்க முடியும்?

கரித்துண்டு: கைத்திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் கையைத் தூக்கி நிற்கும் மாடல் மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அதை ஓவியமாக்கும்போது கயிறு போய் ஈட்டி வந்துவிடும். வலியும் அதோடு போச்சு.

செங்காவி: ஓவியத்தில் போகும். பயிற்சித் தாள்கள் பலவற்றில் கயிறும் கோலும் அப்படியே இருக்கின்றன, நாம் பேசுவது அவற்றைப் பற்றித்தானே!

அர்னோக்கரை: நடுவில் வருகிறேன். ஓவியர் ஃபத்தோரி 1846இல் ஃப்ளோரன்ஸ் வந்து, அங்கே ஓவிய ஆசிரியர் பெட்சுவோலியிடமும் அகாதமியிலும் படித்தவர். பிறகு அதே ஊரில் மிக்கேலாஞ்சலோ என்ற காப்பிக்கடையில் கூடி அகாதமியைத் திட்டிய ஓவியர் கூட்டத்தோடு சேர்ந்து, ஒளியையும் இருளையும் திட்டுத் திட்டாக வைத்தார். அகாதமிப் பயிற்சி அவரை ஒன்றும் கெடுத்துவிடவில்லையே.

கரித்துண்டு: 1859இல் ஃப்ளோரன்ஸின் காஷ்சினே தோட்டத்தில் பிரெஞ்சுப் படை முகாம் போட்டபோது அவர் அங்கே போய்ச் சிப்பாய்களைப் பார்த்தார். கண் திறந்தது அங்கேதான், பெட்சுவோலி வகுப்பில் இல்லை.

செங்காவி: அந்தச் சிப்பாய்கள் எவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருக்காக நிற்கவில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் ஆளின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று இரண்டு கோட்டில் பிடிக்கும் கை ஒரே நாளில் வந்ததா? அகாதமி வேண்டாம் என்றால் அந்தக் கை எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லுங்கள். அவரே பிற்காலத்தில் அதே அகாதமியில் பாடம் எடுத்தாரே, அதற்கும் சேர்த்து.