பழைய வேலையை டொக்டரிடம் சொன்னீர்களா? சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் எங்கள் அனுபவங்களும்

கொட்டகலையிலிருந்து ஒரு மகன்:

எங்கள் பக்கத்தில் "முந்தி கொழும்பில் வேலை செய்தவர்" ஒருவராவது இல்லாத லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) கிடையாது. கடை, ஹோட்டல், சலூன், அச்சகம், பெயின்ட் வேலை, துணிக்குச் சாயம் போடுகிற இடம் என்று போய், பிறகு ஊருக்கே திரும்பியவர்கள். இதில் சில வேலைகளின் பாதிப்பு, வேலையை விட்டு இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வெளியே தெரிகிறது. அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

அப்பாவும் சித்தப்பாவும் எழுபதுகளில், தோட்டத்தில் பஞ்சம் பிடித்திருந்த காலத்தில், கொழும்புக்குப் போனவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. நூலுக்கும் துணிக்கும் சாயம் போட வேண்டும். தூளை அளப்பது, சுடுதண்ணீரில் கரைப்பது, தொட்டிக்குள் துணியைப் புரட்டுவது எல்லாம் வெறுங்கையால்தான். முழங்கை வரைக்கும் நிறம் ஏறியிருக்குமாம். எச்சில் துப்பினால் அதுவும் அன்றைய சாயத்தின் நிறத்தில் வரும் என்பார். தகரத்தில் ஒட்டியிருந்த ஆங்கிலத்தை அங்கே வேலை செய்த யாராலும் வாசிக்க முடியாது. 83 கலவரத்தோடு அந்த வேலை முடிந்தது. உடுத்த துணியோடு வந்து சேர்ந்து, தோட்டத்தில் பேர் பதிந்து, தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்து ஓய்வு பெற்றார்.

அதற்கப்புறம்தான் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியோ எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. இரண்டு நாளில் தானாகவே தெளிந்துவிட்டது. சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். சில மாதம் கழித்து மறுபடியும் போனது, இந்த முறை இரத்தம் கட்டி கட்டியாக. கண்டியில் ஸ்கேன் எடுத்து, சிறுநீர் போகும் வழியால் கமரா விட்டுப் பார்த்ததில் சிறுநீர்ப்பையின் உள்சுவரில் கட்டி இருந்தது.

கிளினிக் கொப்பியில் அவருடைய தொழில் "தோட்டத் தொழிலாளி" என்று எழுதியிருந்தது. பொய் இல்லை, ஆனால் முக்கியமான பாதி அதில் இல்லை. ஒரு இளம் டொக்டர்தான், "ஐயா, தோட்டத்துக்கு முதல் என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். சாயம் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருடம், தூளா கரைசலா, கையுறை இருந்ததா, பீடி எவ்வளவு என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். அப்பா பீடி குடித்தவர்தான், அதையும் மறைக்கவில்லை. புகையிலைப் புகையிலும் இதே வகை இரசாயனங்கள் இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்று டொக்டர் சொன்னார்.

பிறகு நானே தேடி வாசித்தேன். 1895 இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், மஜெந்தாச் சாயம் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கண்டு எழுதியிருக்கிறார். 1938 இல் வில்ஹெல்ம் ஹியூப்பர், சாயத் தொழிலில் புழங்கிய 2-நாப்தைலமைன் என்ற இரசாயனத்தை நாய்களுக்குக் கொடுத்து அதே நோயை உண்டாக்கிக் காட்டினார். 1954 இல் பிரிட்டன் சாயத் தொழிலாளர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. 1967 இல் அந்த நாடு பென்சிடின், 2-நாப்தைலமைன் முதலிய சாயத் தொழில் இரசாயனங்களுக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. அதாவது, எங்கள் அப்பா தொட்டிக்குள் கையை விட்டபோது இந்த விஷயம் தெரிய வந்து எண்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு சோடி கையுறை கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இந்த இரசாயனங்களுக்கு அரோமட்டிக் அமைன்கள் என்று பெயர். மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உள்ளே போகும். பென்சிடினை வைத்துச் செய்த மலிவான பருத்திச் சாயங்களைக் குடலில் உள்ள பக்டீரியாவும் ஈரலும் உடைத்து மறுபடியும் பென்சிடினாக்கிவிடும். கடைசியில் கழிவு சிறுநீரில்தான் சேர்கிறது. அது மணிக்கணக்காகத் தங்கும் இடம் என்பதால் சிறுநீர்ப்பைக்குத்தான் அடி விழுகிறது.

சரி, ஒரே தொட்டியில் கை விட்ட சித்தப்பா எப்படித் தப்பினார்? அவரும் பீடி குடித்தவர். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பாவின் பாவம் என்றார்கள், அம்மாவின் வீட்டு வியாதி என்றும் சொன்னார்கள். அம்மா ரொம்ப மனம் நொந்துபோனார்.

டொக்டர் சொன்ன விளக்கம் வேறு. ஈரலில் என்ஏடி2 என்று ஒரு நொதி இருக்கிறது. சில அமைன்களை ஆபத்தில்லாத வடிவத்துக்கு மாற்றி வெளியே அனுப்புவது அதன் வேலை. பரம்பரையாக வரும் மரபணு வேறுபாட்டால் சிலருக்கு இது வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கொழுந்து வந்துகொண்டே இருக்க, ரோலர் மெதுவாக ஓடினால் இலை தேங்கிக் கெட்டுப் போகும். இந்த வேறுபாட்டை முதலில் கவனித்ததே காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையால்தான். மெதுவான வகைக்காரர்களின் உடம்பில் அந்த மருந்து அதிக நேரம் நிற்கும், கைகால் விறைப்பு வரும்.

1982 இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு ஆய்வில், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்த 23 சாயத் தொழிலாளர்களில் 22 பேர் மெதுவான வகை. இதை வாசித்ததும் விடை கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் சீனாவில் பென்சிடின் கையாண்ட தொழிலாளர்களிடம் பார்த்தபோது மெதுவான வகைக்காரர்களுக்கு ஆபத்து கூடவில்லை. பென்சிடினை உடம்பு கையாளும் வழி வேறு. ஆகவே ஒரு மரபணுவைக் காட்டி "இதனால்தான் வந்தது" என்று அப்பாவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பதுளையிலிருந்து ஒரு மகள்:

அண்ணா, எங்கள் அம்மாவுக்கும் இதே நோய்தான். அவர் கலியாணத்துக்கு முதல் கண்டியில் பத்திக் வேலை செய்தவர். மெழுகு போட்ட துணியைச் சாயத்தில் முக்கி எடுப்பதுதான் அவர் வேலை. அதன் பிறகு முப்பது வருடம் கொழுந்து பறித்தார். பீடி, சிகரட் ஒன்றும் கிடையாது.

அம்மா விஷயத்தில் தாமதமானதற்குக் காரணம் வேறு. மலையில் நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. காலையில் போனால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மூத்திரக் கடுப்பு எல்லாருக்கும் வருகிற ஒன்று. அதனால் இரத்தம் என்று சொன்னதும் கடுப்புக்கான மாத்திரைதான் கொடுத்தார்கள். நின்றது, மறுபடி வந்தது, மறுபடியும் அதே மாத்திரை. கிருமி இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. சோதித்திருந்தால் கிருமி இல்லை, இரத்தம் மட்டும் இருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். பெண்களுக்கு இந்த நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவது பல நாடுகளிலும் நடப்பதாகப் பிறகு சொன்னார்கள்.

அக்காமார், மாத்திரை முடிந்த பிறகும் இரத்தம் வந்தால் ஸ்கேன் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

நோர்வூட்டிலிருந்து ஒரு பெயின்ட் பாஸ்:

எனக்கே வந்தது, இப்போது நன்றாக இருக்கிறேன். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்திய தொழில்களில் பெயின்ட் அடிப்பதும் ஒன்று என்பதை நோய் வந்த பிறகுதான் அறிந்தேன். சலூன் வேலையை "அநேகமாக உண்டாக்கும்" என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கையில் ஒட்டிய பெயின்டைத் தின்னர் ஊற்றித்தான் கழுவுவோம், பழைய பெயின்டை மூக்கில் ஒரு துணிகூடக் கட்டாமல் சுரண்டுவோம். இப்போது என்னிடம் வேலை பழகும் பையன்களை அப்படிச் செய்ய விடுவதில்லை.

சிகிச்சை பற்றிப் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். கட்டி மேலோட்டமாக இருந்ததால் வயிற்றைக் கிழிக்கவில்லை, கமரா வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் குழந்தை பிறந்ததும் போடுகிற பீசிஜி மருந்தைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார்கள். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். மருந்து விட்ட பிறகு இரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருக்க வேண்டும். அன்று இரவு எரிச்சலும் காய்ச்சல் குணமும் இருக்கும். 1976 இல் கனடாவில் ஆரம்பித்த முறையாம். இந்த நோய் திரும்பித் திரும்பி வரும் குணமுள்ளது என்பதால் கமரா பரிசோதனைக்கு ஒழுங்காகப் போக வேண்டும். விடியற்காலை பஸ் பிடிப்பது கஷ்டம்தான், ஆனால் சுகமாக இருக்கிறது என்று ஒரு தவணையையும் விட்டுவிடாதீர்கள். என்னோடு சிகிச்சை எடுத்த ஒருவர் அப்படி விட்டு, திரும்ப வந்தபோது தசை வரைக்கும் பரவியிருந்தது.

டிக்கோயாவிலிருந்து ஒருவர்:

என் தம்பி இப்போது கொழும்புப் பக்கம் துணிக்குச் சாயம் போடுகிற இடத்தில் இருக்கிறான். அந்த மரபணுச் சோதனையைச் செய்து பார்த்து, வேகமான வகை என்றால் பயமில்லாமல் வேலை செய்யலாமா? அப்பா தோட்டத்தில் பூச்சி, களை மருந்து அடித்தவர், அவருக்கும் இது வருமா?

கொட்டகலை மகன்:

தம்பிக்கு அந்தச் சோதனையால் பிரயோசனம் இல்லை. மெதுவான வகை ஏதோ அபூர்வமானது இல்லை, நம் தெற்காசிய மக்களில் பாதிக்கு மேல் அதுதான். ஜிஎஸ்டிஎம்1 என்ற இன்னொரு நச்சுநீக்கி மரபணு முற்றாகவே இல்லாதவர்களும் நிறையப் பேர். இவை ஆபத்தை ஓரளவு கூட்டுகின்றன, அவ்வளவுதான். வேகமான வகைக்காரருக்கும் நோய் வந்திருக்கிறது. எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. இப்படிச் சோதனை வந்தால், "உன் இரத்தம் சரியில்லை" என்று தொழிலாளியைத் துரத்திவிட்டு தொட்டியை அப்படியே வைத்திருக்க முதலாளிக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். மரபணுவை மாற்ற முடியாது, ஆனால் சாயத்தை மாற்றலாம், கையுறையும் காற்றோட்டமும் கொடுக்கலாம்.

தம்பி என்ன சாயம் பாவிக்கிறார் என்று தகரத்தின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் அப்பாவுக்குக் கிடைக்காத சாட்சி அது. இரசாயனம் புகாத முழங்கை வரைக்குமான கையுறை வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வரக்கூடாது, சாயக் கையால் சாப்பிடவும் கூடாது. சிகரட் குடிப்பவர் என்றால் அதை விடுவதுதான் முதல் வேலை, இந்த நோயில் ஏறத்தாழ பாதிக்குப் புகைதான் காரணம்.

அப்பா அடித்த மருந்துகளுக்கும் இந்த நோய்க்கும், சாயத்துக்கு இருப்பது போல உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. அதற்காகச் சொல்லாமல் விட வேண்டாம். எந்த மருந்து, எத்தனை வருடம் அடித்தார் என்பதை அவருடைய கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். தோட்டத்துக்கு முந்திய வேலைகளையும் வருடத்தோடு எழுதுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.